பதினோரு மாதம் போட்ட தையல், நான் மடித்த மடிப்பிலேயே இருக்கிறது

தனிஇழை | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். இங்கே அதிகம் எழுதுகிற ஆள் இல்லை நான். நீங்கள் எல்லாம் போடுகிற படங்களைப் பார்த்து ரசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு வயது 58. குறுக்குத் தையலை ஆரம்பித்தது 9 வயதில். மாடிப்படியில் உருண்டு காலில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் படுத்துக் கிடந்தேன். நான் படுத்திய பாடு தாங்காமல் சித்தி ஒரு துண்டுத் துணியும் முனை மழுங்கிய ஊசியும் கொண்டுவந்து போட்டாள். "கட்டம் கட்டமா இருக்கு பார், ஒவ்வொண்ணுலயும் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கிட்டே வா." அவ்வளவுதான் பாடம். கட்டுப் பிரிப்பதற்குள் ஒரு வாத்து முடிந்திருந்தது. அதைச் சித்திக்கே கொடுத்தேன். பல வருடம் கழித்துதான் கவனித்தேன்: பாதி வாத்தில் மேல்கால், அதாவது பெருக்கல் குறியில் மேலே வரும் கோடு, வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, மீதிப் பாதியில் இடப்பக்கம். வெளிச்சம் பட்டால் வாத்தின் கழுத்து ஒரு நிறமாகவும் உடம்பு வேறு நிறமாகவும் மின்னும். ஒரே நூல்தான்! சித்தி அதைப் பற்றிக் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து 49 வருடம். போட்டதில் பெரும்பாலானவை பரிசாகத்தான் போயின. என் வீட்டுச் சுவரில் ஒன்றுகூட இல்லை என்றால் நம்புவீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்பு என் நெருங்கிய தோழி புது வீட்டுக்குப் போனாள். அவளுக்காக ஒரு குளக்கரைக் காட்சி. 420 கட்டம் அகலம், 280 கட்டம் உயரம், 14 எண் ஐடா துணி (அங்குலத்துக்கு 14 கட்டம் வரும் தையல் துணி). நாணல், நான்கு நாரைகள், மூலையில் ஒரு மீன்கொத்தி. வானத்தையும் தண்ணீரையும் வெறும் துணியாக விட்டும் சுமார் 31,000 தையல் வந்தது. பதினோரு மாதம். வாங்கிக்கொண்டபோது கண் கலங்கினாள், பொய் சொல்லக்கூடாது.

போன வாரம் அவள் வீட்டில் தங்கினேன். சுவரில் இல்லை. சரி, வேறு அறையில் இருக்கும் என்று நினைத்தேன். ராத்திரி "அலமாரியிலிருந்து ஒரு போர்வை எடுத்துக்கோ" என்றாள். அடித்தட்டில் என் பொட்டலம். நான் சுற்றிய அதே மெல்லிய தாள். நான்காக மடித்த மடிப்பும் நான் மடித்ததுதான். பிரித்துப் பார்த்துவிட்டு வேறு மாதிரி மடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். இனிமேல் யாருக்கும் எதுவும் போட்டுக் கொடுப்பதில்லை என்று தோன்றுகிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

பின்பக்கம் | செவ்வாய், இரவு 10.05

அக்கா, படிக்கும்போதே வயிற்றைப் பிசையுது.

நான் ஒருத்தருக்குக் குஷன் உறை போட்டுக் கொடுத்தேன், நாலு மாச வேலை. அடுத்த தடவை போனப்போ அவங்க நாய் அதுமேல சுருண்டு படுத்திருந்தது. நாய்க்காவது பிடிச்சிருந்ததேன்னு தேத்திக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒரு கணக்கு வெச்சிருக்கேன். பெரிய வேலை நாலே நாலு பேருக்குத்தான். மத்தவங்களுக்கு ஒரு ராத்திரியில முடியற வாழ்த்து அட்டை. "எனக்கும் ஒண்ணு போட்டுத் தாயேன், உனக்குத்தான் நேரம் இருக்கே"ன்னு கேட்கிறவங்களுக்கு அதுவும் இல்லை.

மொட்டை_ஊசி | செவ்வாய், இரவு 10.31

ஒரு கேள்விதான் அம்மா. சட்டம் போட்டுக் கொடுத்தீங்களா, துணியாவே கொடுத்தீங்களா?

தனிஇழை | செவ்வாய், இரவு 10.38

துணியாகத்தான். அவள் வீட்டுச் சுவர் நிறம், மரச் சாமான் நிறம் எல்லாம் எனக்குத் தெரியாதே. அவளுக்குப் பிடித்த சட்டம் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

மொட்டை_ஊசி | செவ்வாய், இரவு 11.12

அங்கதான் சிக்கல். கோவிச்சுக்காதீங்க. நீங்க கொடுத்தது பாதிப் பரிசு, பாதி வேலை. தையல் தெரியாதவங்க கையில 30 அங்குலத் துணியைக் கொடுத்தா அவங்களுக்கு என்ன செய்யறதுன்னே தெரியாது. சட்டம் போடற கடைக்குக் கொண்டுபோவாங்க. அங்க "ஓரத்தை வெட்டிட்டு அட்டையில ஒட்டிடலாம்"னு சொல்லுவாங்க. பயந்துபோய்த் திருப்பிக் கொண்டுவந்து உள்ளே வைப்பாங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு வெச்சது இரண்டு வருஷம் ஆகிடும்.

நான் இப்பல்லாம் முழுசா முடிக்காமக் கொடுக்கிறதே இல்லை. அமிலமில்லாத அட்டையா கேட்டு வாங்குவேன். சாதா அட்டை சில வருஷத்துல பழுப்பேறி அந்தப் பழுப்பைத் துணிக்கும் ஏத்திடும். துணியை அட்டைமேல விரிச்சு, விளிம்புல வரிசையா குண்டூசி குத்தி, ஏதாவது ஒரு கட்ட வரிசை அட்டை ஓரத்தோட நேரா ஓடுதான்னு பார்க்கணும். ஓடலைன்னா எல்லாத்தையும் பிடுங்கி மறுபடி. அப்புறம் பின்பக்கம் பலமான நூலால எதிரெதிர் ஓரத்தை இழுத்துக் கோக்கணும், ஷூவுக்குக் கயிறு கட்டற மாதிரி. நடுவில ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகணும். இதுக்குத்தான் நாலு பக்கமும் மூணு அங்குலம் துணி விடச் சொல்றது. பசை மட்டும் ஆகவே ஆகாது. கண்ணாடி போட்டா அது தையலைத் தொடாதபடி இடையில ஒரு பட்டை வைக்கணும். தொட்டா ஈரம் தங்கும்.

தைக்கிறது பதினோரு மாசம்னா இது ஒரு ஞாயித்துக்கிழமை. அந்த ஞாயித்துக்கிழமையை அவங்க தலையில கட்டிட்டீங்க.

பின்பக்கம் | செவ்வாய், இரவு 11.20

கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம். அவங்க வருத்தத்துல இருக்காங்க.

அலமாரி | புதன், காலை 7.15

நான் தைக்கிறவன் இல்லை. என் அக்கா தைப்பாள், அவளுக்கு நூல் வாங்கித் தருவதற்காக இந்தப் பக்கம் வருவேன். வாங்கிக்கொள்ளும் பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அக்கா எனக்கு ஒரு மேசை விரிப்பு போட்டுக் கொடுத்து ஆறு வருடமாகிறது. ஒரு தடவைகூட விரிக்கவில்லை. பிடிக்காமல் இல்லை. விரித்தால் கறை படும், துவைத்தால் சாயம் போகும், தேய்த்தால் கருகும், இப்படி ஆயிரம் பயம். அவள் அதைப் போட்ட ஒவ்வொரு சாயந்திரமும் நான் பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்திருக்கிறேன். அதன் மேல் ஒரு தம்ளரை வைக்க எனக்குக் கை வரவில்லை. ஒருநாள் அவளே அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு "பிடிக்கலையாடா?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

எப்படித் துவைக்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சேர்த்துக் கொடுத்திருந்தால் எனக்குப் பாதிப் பயம் போயிருக்கும்.

தனிஇழை | புதன், காலை 8.02

தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

மொட்டை ஊசி அவர்களுக்கு: கோபமெல்லாம் இல்லை. ஆனால் இரண்டு வருடம் பிரித்துக்கூடப் பார்க்காததற்குச் சட்டம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

புதுக்கை | புதன், மதியம் 1.30

நடுவுல புகுந்து கெடுக்கிறதுக்கு மன்னிச்சிடுங்க, ஆனா இதுவும் பரிசு சம்பந்தப்பட்டதுதான். அப்பா அம்மாவோட 25ஆவது கல்யாண நாள் மூணு வாரத்துல வருது. அவங்க கல்யாண போட்டோவை ஒரு செயலியில போட்டேன், அது 200க்கு 250 கட்டத்துல 64 நிறத்தோட பேட்டர்ன் குடுத்துருச்சு. தைக்க ஆரம்பிச்சு நாலு நாள்தான் ஆகுது. நேத்து எண்ணிப் பார்த்தேன், ஒரு மணி நேரத்துல 60 தையல் வருது. மூணு வாரத்துல முடிஞ்சிடுமா?

பின்பக்கம் | புதன், மதியம் 1.52

தங்கம், கணக்குப் போடுவோம். 200 பெருக்கல் 250, மொத்தம் 50,000 தையல். மணிக்கு 60ன்னா 833 மணி நேரம். மூணு வாரத்துல மொத்தமே 504 மணி நேரம்தான் இருக்கு, நீ தூங்காம, குளிக்காம உட்கார்ந்தாலும்.

போட்டோவை அப்படியே மாத்தித் தர்ற பேட்டர்ன்ல இன்னொரு தொல்லையும் இருக்கு. கன்னத்துல ஒரே ஒரு கட்டம் ஒரு நிறம், பக்கத்துக் கட்டம் வேற நிறம், அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. ஒவ்வொரு தையலுக்கும் ஊசி மாத்தணும். 60 எல்லாம் வராது, 30 வந்தா பெரிசு. முடிச்சப்புறம் பத்தடி தள்ளி நின்னாத்தான் முகமே தெரியும்.

இரண்டு பேரோட முதல் எழுத்து, தேதி, நடுவுல ஒரு ஜோடிப் பறவை. 700 தையலுக்குள்ள அடக்கு. 12 மணி நேர வேலை. தினம் ஒரு மணி நேரம்னா 12 நாள், மீதி ஒன்பது நாள் தப்புப் போட்டுப் பிரிக்கிறதுக்கு. கண்டிப்பா பிரிப்பே.

புதுக்கை | புதன், மதியம் 2.10

அய்யோ. சரி, முதல் எழுத்து 'இ', 'ஞா'. தமிழ்ல போடணும். அதுக்கு எங்க பேட்டர்ன் கிடைக்கும்?

கட்டத்துக்காரி | புதன், மாலை 6.45

இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்!

ஆங்கிலப் பெரிய எழுத்தை அஞ்சு கட்ட அகலம், ஏழு கட்ட உயரத்துல அடக்கிடலாம். அதே அளவுல தமிழ் எழுத்தைப் போட்டா 'இ' சுருண்ட புழுவாட்டம் ஆகும், 'ஞா' என்னன்னே தெரியாது. நம்ம எழுத்து முழுக்க வளைவு. குறுக்குத் தையல்ல வளைவுங்கிறது படிக்கட்டு. படி சின்னதா இருக்கணும்னா எழுத்து பெரிசா இருந்தாகணும். என் அனுபவத்துல 'ட', 'ப', 'ம' மாதிரி நேர்கோட்டு எழுத்து 8 கட்டத்துலயே அழகா உட்காரும். 'இ', 'ஞ', 'ஜ', 'ணை' எல்லாத்துக்கும் 16 கட்ட உயரமாவது வேணும்.

இன்னும் சின்னதா வேணும்னா குறுக்குத் தையலை விட்டுட்டு அந்த எழுத்தை மட்டும் பின் தையல்ல (பேக் ஸ்டிட்ச், கோடு மாதிரி ஓடற தையல்) போடு, ஒத்தை இழையில. அதுல கோணல் கோடும் இழுக்கலாம், வளைவு சுமாரா வந்துடும். மெய்யெழுத்து வந்தா புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவுல இரண்டு கட்டம் விடு, இல்லைன்னா எழுத்தோட ஒட்டிக்கும். புள்ளிக்குப் பிரெஞ்சு முடிச்சு (நூலை ஊசியில சுத்திப் போடற குட்டி முடிச்சு) போட்டா அழகா துருத்திக்கிட்டு நிக்கும்.

கட்டத்தாள்ல பென்சிலால வரைஞ்சு, சுவத்துல ஒட்டி, நாலடி தள்ளி நின்னு கண்ணைச் சுருக்கிப் பாரு. அப்பவும் 'இ' தெரிஞ்சா தை.

இன்னொண்ணு, தேதியும் பேரும் போடறதை யாரும் விடாதீங்க. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துல 1598ஆம் வருஷம்னு தேதி போட்ட ஒரு சாம்ப்ளர், அதாவது பலவிதத் தையலைப் போட்டுக் காட்டற துணி, இருக்கு. பிரிட்டனோடதுல தேதி போட்டதுன்னு பார்த்தா அதுதான் ரொம்பப் பழசு. போட்டவ பேரு ஜேன் பாஸ்டாக். அதுல ஆலிஸ் லீன்னு ஒரு குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல பிறந்ததுன்னு தைச்சு வெச்சிருக்கா. குழந்தை பிறந்த கிழமையை 400 வருஷம் கழிச்சு நாம தெரிஞ்சுக்கறோம்னா அந்த ஒரு வரி தையலாலதான்.

மொட்டை_ஊசி | புதன், இரவு 8.20

வெளிப்படையா எழுதக் கூச்சமா இருந்தா ஓரத்துல மறைச்சும் எழுதலாம். இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்ககிட்ட கைதியா இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அலெக்ஸிஸ் காஸ்டாக்லி 1941ல ஒரு தையல் போட்டார். பழைய புல்லோவரைப் பிரிச்ச நூல். ஓரத்துல புள்ளியும் கோடுமா அலங்காரம். அது தந்தி அடிக்கிற மோர்ஸ் குறி! ஒரு வரியில அரசரை வாழ்த்தியிருந்தார், இன்னொரு வரியில ஹிட்லரைக் கெட்ட வார்த்தையில திட்டியிருந்தார். காவலுக்கு இருந்தவங்களுக்குப் புரியாம அதையே முகாம்ல காட்சிக்கு வெச்சாங்க.

நான் என் பேத்தி பிறந்த தேதியை அந்த மாதிரிதான் ஓரமா ஓட்டினேன். எண்ணுக்கு மோர்ஸ்ல அஞ்சு குறி. புள்ளிக்கு ஒரு தையல், கோட்டுக்கு மூணு தையல், நடுவுல ஒரு கட்டம் இடைவெளி. 7ங்கிறது இரண்டு கோடு மூணு புள்ளி, 13 கட்டம் பிடிக்கும். 5ன்னா அஞ்சு புள்ளி, 9 கட்டத்துல முடிஞ்சிடும். பார்க்கிறவங்களுக்கு வெறும் பார்டர்.

பின்பக்கம் | புதன், இரவு 8.41

பார்டர் சரி சார், அதோட பின்பக்கம் எப்படி இருக்கும்? ஒவ்வொரு இடைவெளிக்கும் நூல் தாண்டித் தாண்டி ஓடியிருக்குமே. வெள்ளைத் துணியில கறுப்பு நூல் தாண்டினா முன்பக்கம் நிழல் விழும்.

மொட்டை_ஊசி | புதன், இரவு 8.50

வந்துட்டாங்கய்யா பேருக்கேத்த மாதிரி. ஒரு கட்டத் தாண்டலுக்கெல்லாம் நிழல் விழாது. அஞ்சு கட்டத்துக்கு மேல போனா நூலை வெட்டுவேன். முன்பக்கம் மட்டும் பார்க்கிறதுக்குத்தானே சட்டம் போடறோம்?

பின்பக்கம் | புதன், இரவு 9.15

புத்தக அடையாளம், கைக்குட்டை, மேசை விரிப்புக்கெல்லாம் சட்டம் இல்லையே சார். திருப்பிப் பார்ப்பாங்க. முடிச்சு தெரிஞ்சா எனக்கு மானம் போன மாதிரி.

புதுக்கை, உனக்காகச் சொல்றேன். முடிச்சே போடாதே. இரண்டு இழையில தைக்கிறதா இருந்தா, ஒரே ஒரு இழையை இரண்டு மடங்கு நீளமா வெட்டி நடுவுல மடி. வெட்டின இரண்டு முனையையும் சேர்த்து ஊசிக் காதுல கோத்துக்கோ. இப்ப ஊசி இல்லாத முனையில ஒரு வளையம் இருக்கும். முதல் பாதித் தையல் போட்டுட்டு ஊசி பின்பக்கம் வரும்போது அந்த வளையத்துக்குள்ள நுழைச்சு இழு. இறுகிக்கும். ஆறிழை நூலை மொத்தமாப் பிரிக்காம ஒவ்வொண்ணா மேல உருவு, இல்லைன்னா சிக்கல் விழும். விரல் நுனியிலேர்ந்து முழங்கை வரைக்கும் நீளம் போதும், அதுக்கு மேல போனா ஐடாவுல உரசி உரசி மயிர் கிளம்பும்.

மேல்கால் எல்லாம் ஒரே பக்கம். அக்காவோட வாத்து ஞாபகம் இருக்கட்டும்.

தனிஇழை | புதன், இரவு 10.00

அந்த வாத்தை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டீர்கள்.

அந்தக் காலத்திலும் பரிசாகத் தைத்துக் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன். ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கிலாந்தில் காவலில் இருந்தபோது காவல் பொறுப்பில் இருந்த பிரபுவின் மனைவி பெஸ் ஆஃப் ஹார்ட்விக்கோடு உட்கார்ந்து போட்ட தையல்கள் ஆக்ஸ்பரோ மாளிகையில் இருக்கின்றன. அவற்றில் குறுக்குத் தையலும் உண்டு. 1574ல் மேரி, தன்னைக் காவலில் வைத்திருந்த எலிசபெத் அரசிக்குச் சிவப்புச் சாட்டின் பாவாடையில் வெள்ளி நூல் வேலை செய்து அனுப்பினாள். கதவு திறக்கவில்லை. பத்தொன்பது வருடம் காவலில் இருந்து 1587ல் தலையையே கொடுத்தாள். என் பொட்டலம் அலமாரியில் கிடப்பது அதோடு ஒப்பிட்டால் பெரிய துக்கம் இல்லை.

அலமாரி | வியாழன், காலை 7.30

அம்மா, தோழியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன். என் அக்கா கேட்டதால்தான் எனக்குச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. அந்த விரிப்பு இப்போது மேசை மேல்தான் இருக்கிறது. ஒரு கறையும் விழுந்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

புதுக்கை | இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 11.48

யாராவது முழிச்சிருக்கீங்களா?? நாளன்னைக்குக் கல்யாண நாள். தைச்சு முடிச்சுட்டேன், பென்சில் கோடு போகணும்னு வெதுவெதுன்னு தண்ணியில சோப்பு போட்டு முக்கினேன். சிவப்பு நூல் சாயம் விட்டு 'இ' சுத்தி எல்லாம் ரோஸ் ஆயிடுச்சு. அழுதுட்டு இருக்கேன். இஸ்திரி போட்டுக் காய வைக்கட்டுமா?

பின்பக்கம் | சனி, இரவு 11.51

வேண்டாம்! இஸ்திரிப் பெட்டியைத் தொடாதே. காயவே விடாதே. காய்ஞ்சா கறை உட்கார்ந்துடும், சூடு பட்டா இன்னும் மோசம்.

குழாயைத் திறந்து பச்சைத் தண்ணியில காட்டு, ஓடிக்கிட்டே இருக்கட்டும். அப்புறம் அகலமான பாத்திரத்துல நிறையப் பச்சைத் தண்ணி, கொஞ்சமா சோப்பு, துணியை மடிக்காம விரிச்ச மாதிரி முக்கு. மடிஞ்சா ஒரு பக்கத்துச் சாயம் இன்னொரு பக்கம் ஏறும். தண்ணி நிறம் மாறினதும் கொட்டிட்டுப் புதுத் தண்ணி. பிழியாதே, தேய்க்காதே, பிளீச் எதுவும் ஊத்தாதே.

நூல்ல ஒட்டாம மிச்சம் இருக்கிற சாயம்தான் வெளியே வருது. அது தீர்ந்ததும் நிக்கும். பொறுமையா இரு, நான் முழிச்சிருக்கேன்.

புதுக்கை | ஞாயிறு, அதிகாலை 1.35

ஆறாவது தண்ணி. இன்னும் லேசா ரோஸ் வருது.

பின்பக்கம் | ஞாயிறு, அதிகாலை 1.37

மாத்து. அப்படியே ஊற விட்டுட்டு இரண்டு மணி நேரம் தூங்கிட்டு வா. தண்ணிக்குள்ள முழுசா இருக்கணும், அவ்வளவுதான்.

புதுக்கை | ஞாயிறு, காலை 9.20

பதினொண்ணாவது தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு!! 'இ' வாலுக்குக் கீழ மட்டும் ஒரு சின்ன ரோஸ் நிழல். துண்டுல வெச்சுச் சுருட்டி ஈரம் எடுத்துட்டேன். இப்பவாவது இஸ்திரி போடலாமா?

பின்பக்கம் | ஞாயிறு, காலை 9.24

தடியான துண்டு விரிச்சு, தையல் பக்கம் துண்டைப் பார்த்த மாதிரி குப்புறப் போட்டு, பின்னாடிலேர்ந்து போடு. அப்பத்தான் தையல் நசுங்காம நிக்கும்.

மொட்டை_ஊசி | ஞாயிறு, காலை 10.02

கொடுக்கும்போது அந்த ரோஸ் நிழலைக் காட்டி "இங்க கொஞ்சம் கெட்டுப்போச்சு"ன்னு மட்டும் சொல்லிடாதே. தைக்கிற அத்தனை பேருக்கும் இருக்கிற வியாதி அது. பரிசை நீட்டின கையோடயே தப்பைத் தொட்டுக் காட்டறது. நீ சொல்லாட்டி அவங்க கண்ணுல பறவைதான் படும்.

புதுக்கை | செவ்வாய், மாலை 5.10

கொடுத்துட்டேன். அப்பா 'ஞா'வைப் பார்த்துட்டு "என் எழுத்து இவ்வளவு சிக்கலா?"ன்னு கேட்டார். அம்மா ஒண்ணும் பேசலை, திருப்பிப் பின்பக்கம் பார்த்தாங்க. பின்பக்கம் அக்கா வாழ்க!

தனிஇழை | அடுத்த வெள்ளி, இரவு 9.15

எல்லோருக்கும் ஒரு தகவல். நேற்று அவளுக்கு போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உண்மையைச் சொல்லவா? கோவிச்சுக்காதே. அவ்வளவு பெரிசா மாட்ட என் வீட்டுல சுவரே இல்லடி" என்றாள். யோசித்துப் பார்த்தேன். நிஜம்தான். சின்ன வீடு. ஒரு சுவர் முழுக்க ஜன்னல், ஒன்றில் அலமாரி, ஒன்றில் கதவு இரண்டு. தையலே 30 அங்குலம், சட்டத்தோடு 36 ஆகும். பதினோரு மாதத்தில் ஒருநாள்கூட நான் அவளைச் சுவரின் அளவு கேட்கவில்லை. ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற ஆசை.

பிரித்துப் பார்க்காமல் இல்லையாம். எடுத்துப் பார்த்துவிட்டு அதே மடிப்பில் கவனமாக மடித்து வைப்பாளாம், புது மடிப்பு விழக்கூடாது என்று. அதைக் கேட்டு எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு ஒன்று கேட்டாள். "மூலையில இருக்கிற மீன்கொத்தியை மட்டும் வெட்டி எடுத்துத் தர முடியுமா? அதைத்தான் எப்பவும் பார்ப்பேன்."

கட்டத்துக்காரி | வெள்ளி, இரவு 9.22

வெட்டவா!!!

மொட்டை_ஊசி | வெள்ளி, இரவு 9.30

அவங்க பொருள். அவங்க கேட்டா வெட்டிக் கொடுக்க வேண்டியதுதான். கொடுத்த அன்னைக்கே அது உங்களோடது இல்லைன்னு ஆகிடுச்சு.

பின்பக்கம் | வெள்ளி, இரவு 9.33

சார், சட்டப்படி சரி. ஆனா கத்தரியை எடுத்தா அந்தக் கை விளங்குமா? பழைய துணியை வெட்டினா பின்பக்க நூல் முனையெல்லாம் அறுந்து ஓரத்துத் தையல் கழண்டுக்கும். அக்கா, வெட்டாதீங்க. புதுசா போடுங்க.

தனிஇழை | வெள்ளி, இரவு 10.10

நானும் அதையேதான் சொன்னேன். "அதை வெட்ட வேண்டாம், அந்தப் பறவையைத் தனியாகப் போட்டுத் தருகிறேன், எந்த அளவில் வேண்டும்?" என்று கேட்டேன். 49 வருடத்தில் ஒருத்தரிடம் அளவு கேட்டுப் பரிசு போடுவது இதுதான் முதல் தடவை. அவள் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பவள். புத்தகத்துக்குள் வைக்கிற மாதிரி வேண்டுமாம், ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது.

குளக்கரையை என்னிடமே திருப்பித் தருகிறாள். "உன் வீட்டுக்கு வரும்போது பார்த்துக்கறேன்." கொஞ்சம் வலித்தது. பொய் சொல்லவில்லை, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது. நேர் வெயில் படுமோ என்றுதான் யோசனை, நிறம் வெளுத்துவிடும். உள்பக்கச் சுவரை அளந்து வைத்திருக்கிறேன். மடிப்பு மட்டும் போகுமா தெரியவில்லை.

மீன்கொத்தி 34 கட்டம் அகலம், 28 உயரம். 14 எண் துணியில் 6.2 சென்டிமீட்டர் வருகிறது. 18 எண்ணில் போட்டால் 4.8தான். 18ல் எனக்குப் பழக்கம் குறைவு, கண்ணும் முன்போல் இல்லை. ஒற்றை இழையா, இரட்டை இழையா?

பின்பக்கம் | வெள்ளி, இரவு 10.26

18ல ஒத்தை இழை போட்டா துணி லேசா எட்டிப் பார்க்கும், பறவைக்கு இறகு மாதிரி மெல்லிசா இருக்கும். நிறைவா நிறம் தெரியணும்னா இரண்டு இழை, ஆனா ரொம்ப அடைச்சுக்கும், ஒவ்வொரு ஓட்டையிலயும் ஊசி முனகும். மார்புல ஆரஞ்சுக்கு மட்டும் இரண்டு, மத்த இடம் ஒண்ணுன்னு போட்டுப் பாருங்க. 26ஆம் எண் ஊசி. ஒத்தை இழையில நான் புதுக்கைக்குச் சொன்ன வளைய முறை வராது, நூல் முனையைப் பின்பக்கம் பிடிச்சுக்கிட்டு முதல் நாலு தையல் அதுமேலயே போட்டு மூடிடுங்க. புத்தகத்துக்குள்ள போறதுன்னா பின்னாடி மெல்லிய ஃபெல்ட் வெச்சுடுங்க, அப்புறம் நானே வந்தாலும் பின்பக்கம் பார்க்க முடியாது.

மடிப்புக்குப் பச்சைத் தண்ணியில ராத்திரி முழுக்க ஊற வெச்சு, ஈரத்தோடயே பின்பக்கமா இஸ்திரி போடுங்க. மிச்சத்தை அட்டையில இழுத்துக் கட்டறப்போ இழுவை பார்த்துக்கும்.

தனிஇழை | வெள்ளி, இரவு 10.40

பழைய நீலக் கண்டில் மிச்சம் இருக்கிறது. நிறத்தின் எண் எழுதிய சீட்டுதான் கிழிந்து போய்விட்டது. ஒரே மாதிரி இரண்டு நீலம், எது இறக்கைக்குப் போட்டது என்று இந்த விளக்கில் தெரியவில்லை.

பின்பக்கம் | வெள்ளி, இரவு 10.43

இப்பப் பார்க்காதீங்க அக்கா, ராத்திரி விளக்குல நீலம் ஏமாத்தும். காலையில ஜன்னல் ஓரமா வெச்சுப் பாருங்க.